கோடு யார் பேர்ல இருக்குதுங்க?

காங்கேயத்தில் வருமான வரிக் கணக்குப் போட்டுக் கொடுப்பது என் தொழில். அரிசி ஆலைக்காரர்கள், தேங்காய் உலர்களம் வைத்திருப்பவர்கள், சின்னதாக பைனான்ஸ் ஓட்டுபவர்கள், இவர்களுக்கு அடுத்தபடியாக என் மேஜைக்கு அதிகம் வருவது இன்சூரன்ஸ் ஏஜென்ட்டுகள். ஜூன் பாதி தாண்டினால் போதும், 26ஏஎஸ் என்கிற வரி பிடித்த விவர அறிக்கை முழுசாக ஏறிவிடும். எந்தக் கம்பெனி எவ்வளவு கமிஷன் கொடுத்தது, அதில் எவ்வளவு வரியை முன்கூட்டியே டிடிஎஸ் என்று பிடித்தது என்று வரிசையாக நிற்கும். ஏஜென்ட் வாயைத் திறப்பதற்கு முன்பே அவர் எந்தெந்தக் கம்பெனிக்கு வேலை செய்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

அவர் பான் நம்பரில் ஒரு லைஃப் கம்பெனி இருக்கும். ஒரு ஜெனரல் கம்பெனி, சிலருக்கு ஒரு ஹெல்த் கம்பெனி. இது வரைக்கும் சரி. பிறகு, "அம்மிணி, ஊட்டுக்காரி கணக்கையும் போட்டுருங்க" என்று இன்னொரு பான் கார்டு வரும். அதில் வேறொரு லைஃப் கம்பெனி. அடுத்து தம்பி சம்சாரத்தின் பான். அதில் மூன்றாவதாக ஒன்று. நான்கு பேர் பெயரில் ஆறு கம்பெனி, வெளியே சுற்றுகிற பைக் மட்டும் ஒன்று என்கிற குடும்பங்களை எனக்குத் தெரியும்.

இதைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. தன்னை நியமிக்காத வெளிக் கம்பெனிக்கு இப்படி அடுத்தவர் பெயரில் விற்பதால் என்ன ஆகும் என்று கேட்டால் ஏஜென்ட்டுகள் தங்கள் கோடு, அதாவது கம்பெனி கொடுத்த ஏஜென்ட் எண், போய்விடும் என்பதைத்தான் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் நான் பார்த்த வரை முதல் அடி விழுவது வேறு ஆளுக்கு. பெரும்பாலும் அந்த ஆள், பாலிசி ஒன்றைக்கூட விற்றிருக்காத ஒரு பெண்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1938-ம் வருஷத்து இன்சூரன்ஸ் சட்டத்தில் 42-வது பிரிவு. 2015-ல் திருத்தினார்கள். தனிநபர் ஏஜென்ட் ஒருவர் ஒரு லைஃப் கம்பெனி, ஒரு ஜெனரல் கம்பெனி, ஒரு ஹெல்த் கம்பெனி, பயிர் இன்சூரன்ஸ் மாதிரி ஒரே வகை மட்டும் செய்கிற கம்பெனிகளில் வகைக்கு ஒன்று, இவ்வளவுக்குத்தான் வேலை செய்யலாம். ஒரே வகையில் இரண்டு கம்பெனி கூடாது. மீறுகிற ஏஜென்ட்டுக்கு 10,000 ரூபாய் வரை அபராதம். மீறி நியமிக்கிற கம்பெனிக்கு 1 கோடி வரை. ஏஜென்ட் செய்வதற்கும் செய்யாமல் விடுவதற்கும் அவரை நியமித்த கம்பெனிதான் பொறுப்பு என்றும் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் விதியில் இருக்கிறது. 2016-லிருந்து நடைமுறையில் உள்ள நியமன விதிப்படி, ஒருவரை எடுப்பதற்கு முன் அவர் பான் நம்பரைப் போட்டு, வேறெங்காவது கோடு இருக்கிறதா, கறுப்புப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று கம்பெனி பார்த்தாக வேண்டும்.

பான் நம்பரில் மாட்டிக்கொள்ளும் என்பதால்தான் வேறு பான் தேடுகிறார்கள்.

அமெரிக்காவில் இருக்கிற என் சித்தப்பா பையனிடம் ஒருமுறை இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அங்கேயும் ஒரே கம்பெனிக்குக் கட்டுப்பட்ட ஏஜென்ட், பல கம்பெனிக்கும் எழுதுகிற சுயேச்சை ஏஜென்ட் என்று இரண்டு வகை உண்டாம். கட்டுப்பட்டவர் வெளியே விற்கக் கூடாது என்பது அங்கே பெரும்பாலும் ஒப்பந்தத்தில் இருக்குமாம். இங்கே சட்டத்திலேயே இருக்கிறது. அங்கே ஏஜென்ட் தன் தொழில் தவறுக்கு என்று தனக்கே ஒரு பாலிசி வைத்திருப்பார். கம்பெனி மூலமாக எடுத்த பாலிசி என்றால் வெளியே எழுதிய வியாபாரத்துக்கு அது பேசாமல் போகலாம், அதனால் பயப்படுகிறார்கள் என்றான். இங்கே புரோக்கர்களுக்கு அப்படி ஒரு பாலிசி கட்டாயம். தனிநபர் ஏஜென்ட்டுக்குக் கட்டாயம் எதுவும் இல்லை. இல்லாத பாலிசி பேசுமா பேசாதா என்ற கவலையும் நம் ஆட்களுக்கு இல்லை.

ஏன் இதைச் செய்கிறார்கள் என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். எல்லோரும் பணத்தாசையில் செய்வதில்லை. நம் பக்கம் ஏஜென்ட் என்பவர் முக்கால்வாசி சொந்தக்காரர் அல்லது சொந்தக்காரர் மாதிரி. சீர் செய்கிற இடத்தில் முன்னால் நிற்பார், மொய் எழுதுகிற இடத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். வெள்ளகோவிலில் மில் வைத்திருக்கிற ஒருவர் அவரைக் கூப்பிட்டு, "எங்கய்யனுக்கு அறுவத்திநாலு வயசாச்சு, சக்கரை வேற இருக்குது, ஒரு ஹெல்த் பாலிசி போட்டுக் குடுங்க" என்கிறார். ஏஜென்ட்டின் கம்பெனி முடியாது என்கிறது. இன்னொரு கம்பெனி, செலவில் ஒரு பங்கை நோயாளி கட்டுகிற மாதிரி இருந்தால் எடுத்துக்கொள்கிறோம் என்கிறது. இப்போது அவர் என்ன செய்வார்? "எங்கிட்ட இல்லீங்க, வேற ஏஜென்ட்டைப் பாருங்க" என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால் வேறு ஏஜென்ட் வீட்டுக்குள் வருவார். வந்தவர் அய்யனுக்கு பாலிசி போட்டுவிட்டு, அப்படியே கார், லாரி, மில் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய்விடுவார். இந்தப் பயம்தான் அடுத்தவர் பெயரில் வாங்குகிற முதல் கோடுக்குக் காரணம். ஒரே கம்பெனி என்கிற கட்டுப்பாடு வாடிக்கையாளருக்குச் சில சமயம் நஷ்டம் என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் இரண்டாவது, மூன்றாவது கோடு எல்லாம் வேறு கதை. புதிதாக ஈரோட்டிலோ திருப்பூரிலோ கிளை திறந்த கம்பெனியின் மேனேஜர் வருவார். இத்தனை ஏஜென்ட்டைச் சேர்க்க வேண்டும் என்று அவருக்கு டார்கெட். இருபது வருஷம் ஊர் பழகின ஏஜென்ட்டைப் பார்த்து, "சார், உங்க பேர்ல வேண்டாம், மேடம் பேர்ல ஒரு கோடு போட்டுக்கலாம், மத்ததை நான் பாத்துக்கறேன்" என்பார். அந்த மேனேஜர் இரண்டு தீபாவளிக்கு மேல் அதே ஊரில் இருந்து நான் பார்த்ததில்லை. அவர் மாற்றலாகிப் போவார், அல்லது வேறு கம்பெனிக்குத் தாவுவார். மேடம் பெயரில் போட்ட கோடு இங்கேயே கிடக்கும்.

இனி ஒரு குடும்பத்தின் கதை. அந்த அம்மிணியிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியாத அளவுக்கு விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முத்தூர்ப் பக்கம் ஒரு தோட்டத்து வீடு. வீட்டுக்காரர் தறிக்குப் போகிறார். அம்மிணி இரண்டு மாடு வைத்து சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறார், ஜாக்கெட் தைக்கிறார். கணவரின் அண்ணன்தான் ஏஜென்ட். ஒரு லைஃப் கம்பெனியில் பழைய ஆள், ஊரில் நல்ல பெயர். மச்சாண்டார் சொன்னார் என்று பத்தாவது மார்க் ஷீட்டைக் கொடுத்திருக்கிறார். 25 மணி நேரப் பயிற்சி, கம்ப்யூட்டர் பரீட்சை என்று கோயம்புத்தூருக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள். பாஸ் செய்துவிட்டார். அதோடு தன் வேலை முடிந்தது என்று இருந்துவிட்டார். கோடில் பதிந்த மொபைல் மச்சாண்டாருடையது. ஈமெயில் மச்சாண்டாருடையது. கமிஷன் விழுகிற பேங்க் கணக்கு மட்டும் அம்மிணி பெயரில். அதன் ஏடிஎம் கார்டு மச்சாண்டார் சட்டைப் பையில். நோம்பிக்கு ஒரு சேலையும் கொஞ்சம் பணமும் கொடுப்பாராம்.

ஒரு நாள் ஆங்கிலத்தில் ஒரு கடிதத்தை எடுத்துக்கொண்டு என் ஆபீசுக்கு வந்தார்.

"அக்கா, இது வரி ஆபீஸ் கடுதாசிங்களா?"

வரி ஆபீஸ் கடிதம் இல்லை. லைஃப் கம்பெனி அனுப்பிய விளக்கம் கேட்கும் நோட்டீஸ். விஷயம் இதுதான். ஐம்பது தாண்டிய ஒரு தேங்காய்ப் பருப்பு வியாபாரி, 25 லட்சத்துக்கு பாலிசி எடுத்தவர், ஒன்றே கால் வருஷத்துக்குள் இறந்துவிட்டார். பாலிசி எடுத்து மூன்று வருஷத்துக்குள் இறந்தால் கம்பெனி சும்மா பணம் கொடுத்துவிடாது, விசாரிக்கும். சட்டத்தின் 45-வது பிரிவு அதற்கு இடம் கொடுக்கிறது. மூன்று வருஷம் தாண்டிவிட்டால் எந்தக் காரணம் சொல்லியும் பாலிசியைக் கேள்வி கேட்க முடியாது; அதற்குள் என்றால் மறைத்த விஷயத்தைக் காட்டி மறுக்கலாம். விசாரித்ததில், பாலிசிக்கு முந்தின வருஷமே கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி ஒன்றில் கல்லீரலுக்கு வைத்தியம் பார்த்த சீட்டு கிடைத்திருக்கிறது. விண்ணப்பத்தில் எல்லாக் கேள்விக்கும் 'இல்லை'.

விண்ணப்பத்தோடு ஏஜென்ட்டின் ரகசிய அறிக்கை என்று ஒரு தாள் உண்டு. ஏசிஆர் என்பார்கள். அதைப் பொதுவாக வாடிக்கையாளர் பார்ப்பதே இல்லை. அதன் கேள்விகளைப் பாருங்கள்: இவரை உங்களுக்கு எத்தனை வருஷமாகத் தெரியும்? நேரில் பார்த்தீர்களா? உடல்நலம் எப்படி இருக்கிறது? குடிப்பழக்கம் உண்டா? வருமானம் எவ்வளவு என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? அந்தத் தாளில் பத்து வருஷமாகத் தெரியும், நேரில் பார்த்தேன், ஆரோக்கியமாக இருக்கிறார் என்று எழுதி, கீழே அம்மிணியின் கையெழுத்து.

"இவரை உங்களுக்குத் தெரியுமா கண்ணு?"

"தெரியாதுங்க்கா. நான் பாத்ததே இல்லைங்க."

"கையெழுத்து உங்களுதா?"

"என்னுதுதானுங்க. கட்டா கொண்டாந்து குடுப்பாருங்க, பென்சில்ல பெருக்கல் குறி போட்டிருக்கற எடத்துல எல்லாம் போட்டுக் குடுப்பனுங்க."

இதே கேள்வியைக் கம்பெனி அனுப்பின விசாரணை ஆள் ஏற்கனவே தோட்டத்துக்கு வந்து கேட்டிருக்கிறார். அவரிடமும் அம்மிணி உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறார், தெரியாதுங்க என்று. பொய் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை, ஏனென்றால் தான் ஏஜென்ட் என்பதே பாதி மறந்துபோயிருந்தது. அந்த ஒரு வார்த்தையில் ஏசிஆர் மொத்தமும் பொய் என்று ஆகிவிட்டது.

இறந்தவரின் மனைவி சொல்வது வேறு. "எங்க ஊட்டுக்காரரு ஆஸ்பத்திரி போனதைச் சொன்னாருங்க. அதெல்லாம் எழுத வேண்டாம், எழுதுனா பிரீமியம் ஏறிக்கும்னு அண்ணந்தான் சொன்னாருங்க. போன்ல கேட்டாலும் இல்லைன்னு சொல்லிருங்கன்னாருங்க." பாலிசி கொடுப்பதற்கு முன் கம்பெனி பேசுகிற சரிபார்ப்பு அழைப்பைத்தான் சொல்கிறார். அவர் சொல்வது முழுக்க உண்மையாகவே இருக்கலாம். நான் நம்புகிறேன். ஆனால் சொன்னது யாரிடம்? அந்த அண்ணன், அதாவது மச்சாண்டார், இந்தக் கம்பெனியின் ஏஜென்ட்டே இல்லை. கம்பெனியின் ஏட்டில் ஏஜென்ட், முத்தூரில் மாடு வைத்திருக்கிற ஒரு அம்மிணி. அந்த அம்மிணியிடம் யாரும் எதையும் சொல்லவில்லை.

சொந்தக் கம்பெனி ஏஜென்ட்டிடம் கொடுத்ததே கம்பெனியிடம் கொடுத்ததாக ஆகாது என்று 1997-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன வழக்கு ஒன்று இருக்கிறது. எல்ஐசி பாலிசிதாரர் ஒருவர், தவணை தவறிப்போன பிரீமியத்தை பியரர் செக்காக ஏஜென்ட் கையில் கொடுத்தார். ஏஜென்ட் அதை மாற்றி, நாள் கடந்துதான் ஆபீசில் கட்டினார். அதற்குள் பாலிசிதாரர் விபத்தில் இறந்துபோனார். பிரீமியம் வாங்குகிற அதிகாரம் ஏஜென்ட்டுக்குக் கொடுக்கப்படவில்லை, ஆகவே அவரிடம் கொடுத்தது கட்டியதாக ஆகாது என்று தீர்ப்பு. அங்கே ஏஜென்ட் நிஜமான ஏஜென்ட். கோடு அவர் பெயரிலேயே இருந்தது. அதற்கே இந்த நிலைமை என்றால், வெளி ஆளிடம் வாய்வார்த்தையாகச் சொன்ன கல்லீரல் வைத்தியத்தை வைத்து எந்த மன்றத்தில் போய் நிற்பது?

கடைசியில் கம்பெனி பணம் தர மறுத்தது. மோசடி என்று சொல்லாமல், முக்கியமான விஷயத்தை மறைத்தார் என்ற அளவில் மறுத்ததால், கட்டின பிரீமியத்தை 90 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்று அதே 45-வது பிரிவு சொல்கிறது. அது வந்தது. 25 லட்சம் வர வேண்டிய வீட்டுக்கு, கட்டின பிரீமியம் வந்தது. சென்னையில் இருக்கிற இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம், அதாவது குறைதீர்ப்பாளரிடம், போகச் சொல்லியிருக்கிறேன். கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுத்து, மறுத்தாலோ ஒரு மாதம் பதில் வராவிட்டாலோ, ஒரு வருஷத்துக்குள் அங்கே போகலாம், கட்டணம் இல்லை, 2023 நவம்பரிலிருந்து 50 லட்சம் வரை விசாரிக்கிறார்கள். போவதில் நஷ்டம் இல்லை. ஜெயிக்கும் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இனி அம்மிணியின் வரிக் கணக்கு. என் தொழில் அதுதானே. அவர் பெயரில் 2024-25 நிதியாண்டுக் கமிஷன் 2,80,000 ரூபாய். அப்போது 5 சதவீத டிடிஎஸ், ஆக 14,000 பிடித்திருக்கிறார்கள். (2025 ஏப்ரலிலிருந்து 2 சதவீதமாகக் குறைத்துவிட்டார்கள், 20,000 ரூபாய் வரை பிடிப்பதும் இல்லை.) வரி எதுவும் வராது, கணக்குத் தாக்கல் செய்தால் பிடித்த 14,000 திரும்பி வரும். யார் பெயருக்கு? அம்மிணி பெயருக்கு. முந்தின வருஷங்களில் அப்படித் திரும்பி வந்த பணத்தையும் மச்சாண்டார் ஏடிஎம்மில் எடுத்திருக்கிறார். அதுவரை தாக்கல் செய்தது நான் இல்லை, ஈரோட்டில் வேறொருவர்.

"அக்கா, எனக்கு வர்ற ஆயர ரூவா நின்னுபோயிருங்களா?" என்று கேட்டார்.

முதலில் எனக்குப் புரியவில்லை. மகளிர் உரிமைத் தொகையைச் சொல்கிறார். குடும்ப வருமானம் வருஷத்துக்கு 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்பது அதன் விதி. அவர் கையில் வராத 2,80,000 அவர் வருமானமாக அரசாங்கத்தின் ஏட்டில் நிற்கிறது. ஏஐஎஸ் என்கிற வருடாந்திர வரித் தகவல் அறிக்கையில் அது பதிவாகியிருக்கும். 25 லட்சம், ஐஆர்டிஏஐ, கறுப்புப் பட்டியல் என்று நான் பேசிக்கொண்டிருக்கிறேன். அவருக்கு உறைத்த வெசனம் அந்த ஆயிரம் ரூபாய். அவருடைய கணக்கில் மாதாமாதம் உண்மையாகவே அவருடையதாக வருகிற பணம் அது ஒன்றுதான்.

மச்சாண்டாருக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். அவரும் தப்பவில்லை. அவர் எழுதுகிற சொந்தக் கம்பெனிக்கு யாரோ மொட்டைக் கடுதாசி போட்டுவிட்டார்கள். கூடவே அவர் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸின் ஸ்கிரீன்ஷாட். வெளிக் கம்பெனியின் புதுத் திட்டம், கீழே 'தொடர்புக்கு' என்று இவருடைய சொந்த நம்பர். ஸ்டேட்டஸைப் பார்க்கிறவர்கள் லிஸ்டில் போட்டி ஏஜென்ட்டுகளும் இருப்பார்கள் என்பது எப்படித்தான் தோன்றாமல் போகிறதோ. விசாரணை நடக்கிறது. இத்தனை வருஷம் எழுதின பாலிசிகளின் ரினீவல் கமிஷன்தான் அவருடைய பென்ஷன். அவரைப் போன்றவர்களுக்கு இழப்பது என்ன என்பதற்கு எல்ஐசி ஏஜென்ட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள்: ரினீவல் கமிஷன், கிளப் மெம்பர் சலுகைகள், 2023-ல் 3 லட்சத்திலிருந்து 5 லட்சமாக உயர்த்தின கிராஜுவிட்டி உச்சவரம்பு, குரூப் இன்சூரன்ஸ். இவ்வளவையும் ஒரு பக்கம் வைத்துக்கொண்டு, இன்னொரு பக்கம் வருஷத்துக்கு 2,80,000-க்காகத் தம்பி பொண்டாட்டி கையெழுத்தை வாங்குவது கணக்காக எடுத்துக்கொண்டாலும் மோசமான கணக்கு.

ஜெனரல் இன்சூரன்ஸில் இந்தக் கூத்து சத்தமில்லாமல் நடக்கிறது. போஸ்ப் (பாயின்ட் ஆஃப் சேல்ஸ் பெர்சன்) என்று சாதாரண பாலிசிகளை விற்பவருக்கான ஒரு ஏற்பாடு 2015-லிருந்து இருக்கிறது. பத்தாவது படித்து, 15 மணி நேரப் பயிற்சி எடுத்து, ஒரு கம்பெனிக்கோ புரோக்கருக்கோ பாலிசி போட்டுக் கொடுக்கலாம். புரோக்கரிடம் சேர்ந்தால் பல கம்பெனி பாலிசியும் கிடைக்கும். நல்ல ஏற்பாடுதான். சொந்தமாகக் கோடு வைத்திருக்கிற ஏஜென்ட், மகன் பெயரில் அந்த லாகினை வாங்கிப் போனிலேயே பாலிசி அடித்துக் கொடுப்பதுதான் கோளாறு. கார், டூவீலர் வரைக்கும் ஓடிவிடும். உலர்களத்துக்கும் குடோனுக்கும் அதே கையோடு அடிக்கும்போது மாட்டுகிறது. 40 லட்சம் சரக்கு இருக்கிற குடோனுக்கு பிரீமியம் கம்மியாக வரட்டும் என்று 20 லட்சத்துக்கு பாலிசி. பத்து லட்சத்துக்குத் தீ பிடித்தால் சர்வேயர் வந்து பாதி கணக்குப் போட்டு ஐந்து லட்சம்தான் எழுதுவார். 5 கோடிக்குள் சொத்து இருக்கிற சின்னத் தொழிலுக்கு 2021 ஏப்ரலில் வந்த பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா பாலிசியில், மதிப்பு 15 சதவீதம் வரை குறைந்தால் கண்டுகொள்வதில்லை. அதற்கு மேல் குறைந்தால் குறைத்துத்தான் தருவார்கள். இதை வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டியவர் ஏஜென்ட். அந்தக் கம்பெனியின் பயிற்சிக்கே போகாத ஏஜென்ட்டுக்கு எப்படித் தெரியும்? பயிற்சிக்குப் போனதாக ஏட்டில் இருப்பது காலேஜ் படிக்கிற மகன்.

உங்கள் வீட்டு பாலிசிகளை ஒருமுறை எடுத்துப் பார்த்துவிடுங்கள். பாலிசியில் ஏஜென்ட் பெயரும் கோடும் அச்சாகியிருக்கும். உங்களிடம் வந்து பேசினவர் பெயரும் அதுவும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால், "இது யாருங்க?" என்று கேளுங்கள், தப்பில்லை. நியமன அடையாள அட்டையைக் காட்டுங்கள் என்று கேட்டால் ஏஜென்ட் காட்டியாக வேண்டும், கமிஷன் எவ்வளவு என்று கேட்டால் அதையும் சொல்லியாக வேண்டும் என்பது நடத்தை விதி. அதைவிட முக்கியம், விண்ணப்பத்தில் இருக்கிற மொபைல் நம்பரும் ஈமெயிலும் உங்களுடையதா என்பது. ஏஜென்ட் நம்பராக இருந்தால் ஓடிபி முதல் ரினீவல் ஞாபகம் வரை எல்லாம் அவருக்குத்தான் போகும். 2024-லிருந்து, பாலிசி கைக்கு வந்து 30 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கலாம். பாலிசி வந்ததே தெரியாதவருக்கு அந்த 30 நாளும் போய்விடும்.

ஏஜென்ட் அண்ணன்மார்களுக்கும் வழி இல்லாமல் இல்லை. லைஃப், ஜெனரல், ஹெல்த் மூன்றிலும் ஒவ்வொன்றை உங்கள் பெயரிலேயே நேராக வாங்கிக்கொள்ளலாம், சட்டமே அனுமதிக்கிறது. இருக்கிற கம்பெனி சரியில்லை என்றால் நியமனத்தை ஒப்படைத்து, விலகல் சான்று வாங்கிக்கொண்டு வேறு கம்பெனிக்கு மாறலாம். நாலு கம்பெனியும் வேண்டும் என்றால் கோடை விட்டுவிட்டு புரோக்கர் பக்கம் போகலாம். இது எதுவும் முடியாத இடத்தில், கம்பெனி ஒத்துக்கொள்ளாத அந்த அறுபத்திநாலு வயசு அய்யனை வேறு ஏஜென்ட்டிடம் அனுப்பிவிடுங்கள். அனுப்பியதற்குப் பங்கு மட்டும் கேட்காதீர்கள். ஏஜென்ட்டோ இடைத்தரகரோ அல்லாதவருக்குக் கம்பெனி கமிஷன் கொடுக்கக் கூடாது என்று 40-வது பிரிவு இருக்கிறது. கார் இன்சூரன்ஸ் போய்விடும் என்ற பயம் எனக்குப் புரிகிறது. என்னிடமும் ஆடிட் தேவைப்படுகிற ஆட்கள் வருகிறார்கள், ஆடிட்டரிடம் அனுப்பத்தான் செய்கிறேன். சிலர் திரும்பி வருவதில்லை.

நோட்டீசுக்குப் பதில் எழுதுகிற அன்று மச்சாண்டாரும் வந்திருந்தார். நேரில் பார்த்தேன், அவர் நோயை என்னிடம் மறைத்துவிட்டார் என்று எழுதச் சொன்னார். "அப்படி எழுதிட்டா ஏஜென்ட் மேல தப்பில்லைனு முடிஞ்சுக்குமுங்க அம்மிணி" என்றார். முடியாது. விசாரணை ஆளிடம் தெரியாது என்று சொன்னது ஏற்கனவே ரிப்போர்ட்டில் இருக்கிறது. இப்போது பார்த்தேன் என்று எழுதினால் பொய்யை அம்மிணியே எழுத்தில் கொடுத்த மாதிரி ஆகும். இரண்டு பேருக்கும் நானே எழுத முடியாது, நான் அம்மிணிக்கு மட்டும் எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதி, வரி வரியாகத் தமிழில் படித்துக் காட்டினேன். ஓரிடத்தில் நிறுத்தி, "பென்சில்ல பெருக்கல் போட்டிருந்ததையும் எழுதுங்க்கா" என்றார். எழுதினேன்.

கிளம்பும்போது, "நாந்தான் பரீட்சை பாஸ் பண்ணிருக்கறனுங்களே, நானே நெசமா ஏஜென்ட் வேலை பாத்தா என்னங்க்கா?" என்று கேட்டார். பார்க்கலாம்தான். ஆனால் இந்தக் கம்பெனி கோடை ரத்து செய்து கறுப்புப் பட்டியலில் பெயரை ஏற்றிவிட்டால் வேறு கம்பெனி எடுக்காது. அதைச் சொன்னேன்.

பதில் ரிஜிஸ்தர் தபாலில் போயிருக்கிறது, கம்பெனியிலிருந்து இன்னும் எதுவும் வரவில்லை. 2025-ல் தாக்கலுக்கு செப்டம்பர் 15 வரை நேரம் நீட்டியிருந்ததால், மகளிர் தொகை விவரத்தை விசாரித்துக்கொண்டு போடலாம் என்று கணக்கை நிறுத்தி வைத்திருந்தோம். அம்மிணி பேங்க்குக்குப் போய் மொபைல் நம்பரை மாற்றிவிட்டார், பழைய கார்டை முடக்கிப் புதுசு வாங்கிவிட்டார். மச்சாண்டார் இப்போது என் ஆபீஸ் பக்கம் வருவதில்லை. அவர் கணக்கைத் திருப்பூரில் யாரோ பார்க்கிறார்கள் என்று கேள்வி.